கண்ணை மூடி உட்கார முடியாமல் போனபோது மண்ணில் இறங்கி நின்றேன். இதுவும் தியானமா?

ஈரமண்
(இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதினோரு வருடமாகத் தியானம் செய்து வருகிறேன். காலையில் நாற்பது நிமிடம், கண் மூடி, முதுகு நிமிர்த்தி. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது ஒன்றுதான்: உடம்பு எதைக் கேட்டாலும் கொடுக்காதே. அரித்தால் சொறியாதே, கால் மரத்தால் அசைக்காதே, உடம்பு ஒரு குழந்தை மாதிரி அடம்பிடிக்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கும். நானும் அப்படியே பழகினேன். நன்றாகவே போனது. என் உடம்பு இருப்பதே தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்த நாளெல்லாம் உண்டு.

போன வருடம் அப்பா இறந்தார். ஐந்து வாரம் மருத்துவமனையில் கூடவே இருந்தேன். அவர் போனபிறகு கண்ணை மூடினாலே அந்த வார்டுதான். அவருடைய மூச்சுச் சத்தம், அந்த இயந்திரத்தின் பீப் ஒலி. மூன்று மாதம் உட்காரவே முடியவில்லை. உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், எழுந்துவிடுவேன். இத்தனை வருடப் பயிற்சி தேவைப்பட்ட நேரத்தில் கைவிட்டுவிட்டதே என்று உடைந்துபோனேன்.

ஒருநாள் விடியற்காலை தூக்கம் வராமல் பின்கதவைத் திறந்து வெளியே வந்தேன். முந்தைய இரவு மழை. செருப்பைத் தேடத் தோன்றவில்லை, அப்படியே மண்ணில் இறங்கி நின்றேன். குளிர் முதலில் உள்ளங்காலின் வெளி ஓரத்தில் தொட்டது. அப்புறம் குதிகால் மெல்லப் புதைந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கல் இருந்தது, அதை நகர்த்தாமல் விட்டேன். நான் எதுவும் செய்யவில்லை, மூச்சு தானாக அடிவயிறு வரை இறங்கியது. அப்பா போனபிறகு முதல்முறை. அங்கேயே நின்று அழுதேன். படபடப்பு இல்லாத அழுகை.

அதிலிருந்து ஏழு மாதமாகத் தினமும் இருபது நிமிடம் இதுதான். கண்ணைத் திறந்தபடி நிற்பேன், மெதுவாக நடப்பேன், ஒரே மரத்தடிக்குப் போவேன், திரும்புவேன். என் ஆசிரியரிடம் சொன்னபோது, “மறுபடி உடம்பிலேயே போய் மாட்டிக்கொண்டாய், பதினோரு வருடம் வீண்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

என் கேள்வி: இது வெறும் ஆறுதலா, இல்லை இதுவும் ஒரு வழியா? இயற்கையோடும் உடம்போடும் இருப்பதையே பயிற்சியாக வைத்திருப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?


மறைபொருள்

அம்மா, உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள். எனக்கு 71 வயது. உங்களைவிட நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈர மண் இதமாக இருந்தது. நல்லது. நாளைக்கு அதே மண் வெயிலில் சுடும், அப்போது இதம் போய்விடும். புலன் தருவது புலனோடு போகும். ஓடம் ஆற்றைக் கடக்கத்தான், அதிலேயே வீடு கட்ட முடியாது. உங்கள் ஆசிரியர் சொன்ன வார்த்தை கடுமையாக இருக்கலாம், ஆனால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சுகமான இடம் கிடைத்தால் மனம் அங்கேயே பாயை விரித்துவிடும். பார்க்கிறவன் யார் என்ற கேள்வி அப்படியே நின்றுபோகும்.

துக்கம் ஆறும்வரை மரத்தடியில் நில்லுங்கள். ஆறியபிறகு ஆசனத்துக்குத் திரும்பிவிடுங்கள்.


வெண்சங்கு

மறைபொருள் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் உடம்பை ஓடம் என்று ஒதுக்கியது நம் மரபின் ஒரு குரல்தான். அதற்கு எதிர்க்குரலும் அதே மரபில் அழுத்தமாக இருக்கிறது. திருமூலரையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பை இழுக்கு என்று நினைத்திருந்ததாக முதலில் ஒப்புக்கொள்கிறார், அதற்குள்ளேயே பொருளைக் கண்டதாக அடுத்து சொல்கிறார், அதனால் இப்போது உடம்பைப் பேணுவதாக முடிக்கிறார். கருத்தை மாற்றிக்கொண்ட ஒருவரின் வாக்குமூலம் அது. உடம்பை வெறுப்பதிலிருந்து தொடங்கி அதைப் போற்றுவதில் போய் நின்றவர். காயத்தைக் காற்றடைத்த பை என்று பாடியதும் சித்தர் மரபுதான், அண்டத்தில் உள்ளது பிண்டத்தில் என்று சொன்னதும் அதே மரபுதான்.

புத்தர் சொன்ன நான்கு நினைவு நிலைகளில் முதலாவது உடல். உணர்ச்சி, மனம் எல்லாம் அப்புறம்தான் வருகின்றன. நடக்கும்போது நடக்கிறேன் என்று அறி, நிற்கும்போது நிற்கிறேன் என்று அறி. ஈரமண் தோழி செய்வது இதுவேதான், பெயர் தெரியாமல் செய்கிறார்.

இன்னொரு திசையிலிருந்தும் சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஹில்டெகார்ட் என்ற கிறித்தவத் துறவி இருந்தார். மடத்தில் வாழ்ந்தவர், மூலிகையும் மருத்துவமும் எழுதியவர். இலையைப் பச்சையாக்குகிற சக்தியும் மனித உயிரை வாடாமல் வைக்கிற சக்தியும் ஒன்றே என்றார். அதற்கு அவர் வைத்த பெயருக்கே பசுமை என்றுதான் பொருள். மனம் வறண்டுபோவதை அவர் செடி வறண்டுபோவது மாதிரியே பேசினார். மூன்று மாதம் உட்கார முடியாமல் தவித்ததை நீங்கள் எழுதியதும் எனக்கு அந்த வறட்சிதான் நினைவுக்கு வந்தது.


கேள்விக்குறி

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஆனால் இந்த இழை எனக்கு முக்கியமாகப்படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடுவோம். வெறுங்காலில் நின்றால் பூமியிலிருந்து எலக்ட்ரான் ஏறி நோயெல்லாம் தீரும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அதை வைத்துப் பாயும் விரிப்பும் விற்கிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஈரமண் அவர்களின் அனுபவம் உண்மையாக இருப்பதற்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

ஆதாரம் உள்ளவற்றைச் சொல்கிறேன். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் கவனமாகச் செய்தது.

2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவலை வைத்து இன்னொன்று வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. ஒரே தடவையாக இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வித்தியாசமில்லை. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஜப்பானில் 1982இல் வனத்துறையே “ஷின்ரின்-யோகு”, அதாவது காட்டில் குளிப்பது என்று பெயர் வைத்து மக்களை மரங்களுக்கு நடுவே நடக்க அழைத்தது. அதன் பிறகுதான் ரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோன் என்று அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் நலம் பற்றியது. நான் கேட்க வருவது வேறு: உடம்பு தளர்ந்தது, மூச்சு இறங்கியது, நெஞ்சு லேசானது என்பதோடு ஏன் நிறுத்தக் கூடாது? அதற்கு மேல் “ஆன்மிகம்” என்று ஒரு சொல் எதற்கு? சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.


ஈரமண்

கேள்விக்குறி, இரண்டு நாளாக உங்கள் கேள்வியோடுதான் மரத்தடியில் நின்றேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதல் சில வாரம் அது வெறும் தளர்வுதான். நீங்கள் சொன்னது சரி, அதற்குப் பெரிய சொல் தேவையில்லை. அப்புறம் ஒன்று நடந்தது. அந்த மரத்துக்கு நேராக ஒரு கை தூரத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே ஒரு தளிர், என் மூச்சுப் பட்டு அசைந்தது. நான் வெளியே விட்டதை அந்த இலை எடுத்துக்கொள்ளும், அது விட்டதை நான் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதும்தான். ஆனால் அன்றைக்கு “என் மூச்சு” என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. எந்த இடத்தில் அது என்னுடையது? மூக்குக்குள் இருக்கும்போதா, ரத்தத்தில் கலந்தபிறகா?

உடம்பிலும் அப்படித்தான். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பிரபஞ்சம் தொடங்கியபோதே உருவானவை, 1380 கோடி வருடப் பழசு. எலும்பின் கால்சியமும் ரத்தத்தின் இரும்பும் ஏதோ நட்சத்திரங்களில் உருவானவை. நாற்பத்தாறு வருடமாக நான் “எனது” என்று பிடித்து வைத்திருந்தது ஒரு கைமாற்றுப் பொருள்.

பதினோரு வருடம் கண்ணை மூடி “நான் யார்” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குக் கிட்டே போனது மாதிரி இருந்தது அந்த ஒரு தளிருக்கு முன்னால்தான். இதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் அதையே வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது இந்தச் சொல்தான்.


பழையசெவிலி

முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். உங்கள் தத்துவத்துக்குள் நான் வரவில்லை. வெறுங்கால் பற்றிப் படித்ததும் கை பரபரத்தது, அதனால் எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், அதிலும் பாதம் மரத்துப்போனவர்கள், தயவுசெய்து வெறுங்காலில் வெளியே நடக்காதீர்கள். முள் குத்தினாலே தெரியாது. நான்கு நாள் கழித்துச் சீழ் பிடித்தபிறகுதான் தெரியும். அப்படி வந்த கால்களை நான் எத்தனையோ கழுவிக் கட்டியிருக்கிறேன். மனிதக் கழிவு கலந்த மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும், அவை பாதத் தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகும். அதனால் இடம் பார்த்து நில்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமானது என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பயமுறுத்த இல்லை. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்பு. இரண்டு காலும் சேர்த்தால் 52, உடம்பின் மொத்த எலும்பு 206. கால்பங்கு எலும்பைக் காலிலேயே வைத்திருக்கிற உடம்பு, மண்ணைத் தொட்டு அறியத்தான் செய்யப்பட்டது என்று எனக்கும் தோன்றும். காலுக்குக் கேடு இல்லாதவர்கள் இறங்கி நில்லுங்கள்.

கேள்விக்குறி தம்பிக்கு ஒரு சின்ன சோதனை. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தாமதமாகும். எல்லோருக்கும் தெளிவாகத் தெரியாது, இளம் வயதில் நன்றாகத் தெரியும். வேகஸ் என்ற நரம்பு மூளைத்தண்டிலிருந்து நெஞ்சு வழியாக வயிறு வரை இறங்குகிறது. மூச்சு விடும்போது அது இதயத்தை அடக்கிப் பிடிக்கிறது. நோயாளிகளிடம் “நீளமா மூச்ச விடுங்க” என்று சொல்வது இதனால்தான். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து இழுத்து விடாதீர்கள், தலை சுற்றும்.


ஒருக்களித்து

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

நான்கு வருடமாக முதுகுத்தண்டில் பிரச்சினை, இரண்டு அறுவைச் சிகிச்சை. நாளில் பெரும்பகுதி ஒருக்களித்துத்தான் படுத்திருப்பேன். உடம்போடு இணையுங்கள், உடம்பைக் கேளுங்கள் என்று எல்லோரும் எவ்வளவு அன்பாக எழுதுகிறீர்கள். என் உடம்பு இருபத்துநான்கு மணி நேரமும் கத்துகிறது. அதைக் கேட்காமல் இருக்கத்தான் நான் ஒவ்வொரு நாளும் பாடுபடுகிறேன். மண்ணில் நிற்க முடியாது. மரத்தடிக்குப் போக முடியாது. எனக்கு இருப்பது ஒரு ஜன்னல், அதில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கேள்விக்குறி சொன்ன அந்த 8.70 நாள் ஆட்களின் கட்சி நான்.

இது உங்கள் யாருடைய தவறும் இல்லை. ஆனால் நலமான உடம்புக்கு மட்டும் கிடைக்கிற ஆன்மிகம் எனக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.


ஈரமண்

ஒருக்களித்து, மன்னியுங்கள். உங்களை மனதில் வைக்காமல்தான் எழுதியிருக்கிறேன். நான் பதில் சொன்னால் சரியாக வராது. தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.


தாழ்வாரம்

எனக்கு மூட்டுவாதம், பதினாறு வருடமாக. அதனால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன்.

வலிக்கிற இடத்திலிருந்து தொடங்காதீர்கள். “வலியைக் கவனி, அது கரைந்துவிடும்” என்று சொல்பவர்களை நானும் நம்பிப் பார்த்தேன். மோசமான நாட்களில் அது இன்னும் பெரிதானதுதான் மிச்சம். எனக்கு உதவியது வேறு. உடம்பில் வலிக்காத இடம் ஒன்றைத் தேடுங்கள். நிச்சயம் ஒன்று இருக்கும். எனக்கு இடது காது மடல். கேட்கச் சாதாரணமாக இருக்கும். வலிக்கும் உடம்பில் வலிக்காத ஓரிடத்தைக் கண்டுபிடிப்பது, எரிகிற வீட்டில் எரியாத அறையைக் கண்டுபிடிப்பது மாதிரி. அங்கே போய்ச் சும்மா இருங்கள், பத்து மூச்சு போதும். காற்று படுகிறதா, சூடா, குளிரா, அவ்வளவுதான்.

அதுவும் முடியாத நாளில் உடம்பை விட்டுவிடுங்கள், காதை மட்டும் அனுப்புங்கள். கேட்கிற சத்தங்களிலேயே எது அதிகத் தொலைவில் இருக்கிறது? அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தொலைவில் ஒன்று கேட்கும். அப்புறம் அதற்கும் அப்பால் ஒன்று. சுவர் கண்ணைத்தான் மறைக்கும், காதை அவ்வளவாக மறைக்காது.

ஜான் கபட்-ஸின் 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தன் மனக்கவனப் பயிற்சியைத் (மைண்ட்ஃபுல்னெஸ்) தொடங்கியபோது அவரிடம் அனுப்பப்பட்டவர்களில் பலர் நாள்பட்ட வலி உள்ளவர்கள், மருத்துவம் ஓரளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாதவர்கள். நலமானவர்களுக்காகத் தொடங்கியதே இல்லை. படுத்தபடி செய்யும் பயிற்சியும் அதில் முக்கியமான ஒன்று. புத்தர் இரண்டு அம்பு என்பார். முதல் அம்பு வலி, அது தைத்துவிட்டது. அதைச் சுற்றி மனம் எய்துகொள்கிற இரண்டாவது அம்பு இருக்கிறதே, “இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானா” என்பது, என்னை அழித்தது அதுதான். அது இப்போது வருவது குறைந்திருக்கிறது. முதல் அம்பு அப்படியே இருக்கிறது, அதில் பொய் சொல்ல மாட்டேன்.


இரவுப்பணி

நானும் மண் இல்லாதவன். ஆறாவது மாடி, கீழே முழுக்க சிமெண்ட். இரவு வேலை என்பதால் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். ஒரு கட்டத்தில் என்ன மாதம் என்றே தெரியாமல் போனது, மழை பெய்ததைக் கூடக் கைப்பேசியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கிடைத்தது நிலா. வேலை இடைவேளையில் மொட்டைமாடிக்குப் போவேன். ஒருநாள் கிழக்கே பாதி நிலா இருந்தது. அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனால் காணோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழும்பியது. அப்போதுதான் கவனித்தேன், நிலா தினமும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது. முப்பத்தெட்டு வயது வரை இது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஒரு முழுச் சுற்று, ஏறக்குறைய 29½ நாள், ஒருநாள் விடாமல் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மேகம் மூடிய நாளிலும் போய் அந்தத் திசையைப் பார்த்து நிற்பேன். அமாவாசை அன்றும் போவேன்.

கைப்பேசியைக் கீழே விட்டுவிட்டுப் போகவேண்டும், இது முக்கியம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடமாகும். இடையில் ஒருமுறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நான் பத்தாவது நிமிடத்தில் ஏழு நட்சத்திரம் எண்ணுவேன், இருபத்தைந்தாவது நிமிடத்தில் எண்ணிக்கையை விட்டுவிடுவேன். வானம் மாறவில்லை, என் கண்தான் திறந்துகொண்டே போகிறது. எந்த மந்திரமும் சொல்லாமல் அந்த நேரத்தில் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. யாரைப் பார்த்து என்று கேட்டால் தெரியாது.


கேள்விக்குறி

பழையசெவிலி அக்கா, நாடியைப் பிடித்துப் பார்த்தேன். தெரிந்தது. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கட்டளை இல்லாமல் இத்தனை வருடம் இது நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். விரலுக்கு அடியில் அன்றுதான் வந்தது.

ஈரமண், உங்கள் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சொல் என் நாக்கில் வராது, ஆனால் அது எதைச் சுட்டுகிறது என்று இப்போது தெரியும். எனக்கு அது வாசனையில் வந்தது. நேற்று இங்கே பல வாரத்துக்குப் பிறகு மழை. காய்ந்த மண்ணில் முதல் துளி விழும்போது எழுகிற வாசனைக்கு 1964இல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதில் ஜியோஸ்மின் என்று ஒரு பொருள் உண்டு, மண்ணில் வாழும் பாக்டீரியா உண்டாக்குவது. மனித மூக்கு அதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். வேறெந்த வாசனைக்கும் நமக்கு இவ்வளவு கூர்மை அரிது. இதையெல்லாம் முன்பே படித்திருக்கிறேன். நேற்று வாசலில் நின்று முகர்ந்தபோது, இந்த மூக்கை எனக்காக எத்தனை தலைமுறை தீட்டி வைத்திருக்கிறது என்று நினைத்தேன், தொண்டை அடைத்தது.


மறைபொருள்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். வெண்சங்கு சொன்ன திருமூலர் விஷயம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அதை ஒதுக்கியே வைத்திருந்தேன். ஏன் என்று யோசித்தேன்.

காரணம் பயம். எனக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, ஒரு கண்ணில் பார்வை குறைகிறது. போகப்போகிற ஒன்றோடு இந்த வயதில் நட்பு எதற்கு என்று இருந்தேன். உடம்பு நானில்லை என்று நாற்பது வருடம் சொன்னதில் ஞானம் எவ்வளவு, தப்பித்தல் எவ்வளவு என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது அம்மா. இளையவர்களுக்குத் தளிர் போதும். உடம்பு கழன்று போகிற நேரத்தில் இந்த வழி என்ன தரும்? உங்கள் அப்பாவைக் கடைசிவரை பார்த்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.


ஈரமண்

ஐயா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. இதற்கு நான் மெதுவாகத்தான் பதில் எழுத முடியும்.

இயற்கை என்றதும் நாம் தளிரையும் பூவையும் பனித்துளியையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். முன்பு நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த மரத்தடியில் பாதி இடம் அழுகல்தான். நான் நிற்கத் தொடங்கிய மாதம் ஓர் இலை, அகலமானது, மஞ்சளாக விழுந்தது. வேருக்கும் ஒரு கல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதால் காற்றில் போகவில்லை. தினமும் அதைப் பார்த்தேன். முதல் வாரம் ஓரம் பழுப்பானது. அப்புறம் கறுப்புப் புள்ளிகள். மழை வந்தது, மெத்தென்று ஆனது, ஒருநாள் அதன் அடியில் வெள்ளையாக நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருந்தது. சின்னச் சின்னப் பூச்சிகள் வந்தன. ஐந்தாவது வாரம் பச்சையம், சதை எல்லாம் போய் நரம்பு மட்டும் நின்றது. சல்லடை மாதிரி, அத்தனை நுணுக்கமாக. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அது மரத்தில் பச்சையாக இருந்தபோது இந்தக் கட்டுமானத்தை யாரும் பார்த்திருக்க முடியாது.

அப்பாவின் கை கடைசி நாட்களில் அப்படித்தான் இருந்தது. சதை வற்றி நரம்பு நரம்பாக. மருத்துவமனையில் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் போர்வையால் மூடினேன். அத்தனை மாதமாக என்னைத் துரத்தியது வார்டு இல்லை, அந்தக் கைதான். இலையைக் கையில் வைத்திருந்த அன்று அந்தக் கை நினைவுக்கு வந்தது, இந்த முறை நான் மூடவில்லை.

கழன்று போகிற நேரத்தில் இது என்ன தரும் என்று எனக்கு இன்னும் தெரியாது ஐயா, நான் அந்த இடத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த இலை எதையும் எதிர்த்துப் போராடவில்லை என்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது மண் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. அங்கேதான் நிற்கிறேன்.


மறைபொருள்

படித்தேன். இன்று மாலை ஊன்றுகோலோடு தோட்டம் வரை போனேன். செருப்பைக் கழற்ற ஒருவர் உதவினார். வேறு எதுவும் எழுத இப்போது இயலவில்லை.


வெண்சங்கு

ஐயா 🙏


ஒருக்களித்து

இரண்டு வாரம் ஆகிவிட்டது. தாழ்வாரம் அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.

வலிக்காத இடம் தேடச் சொன்னீர்கள். முதல் நாள் கிடைக்கவே இல்லை, கோபம்தான் வந்தது. மூன்றாம் நாள் கிடைத்தது: மேலுதட்டுக்கு மேலே, மூக்குக்குக் கீழே, மூச்சு படுகிற அந்தச் சின்ன இடம். உள்ளே போகும்போது குளிர்ச்சி, வெளியே வரும்போது இளஞ்சூடு. நான்கு வருடத்தில் என் உடம்பில் நல்லதாக ஒரு செய்தி வந்தது அங்கிருந்துதான். அதிக நேரம் இருக்க முடியவில்லை. ஏழெட்டு மூச்சு, அப்புறம் முதுகு இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்ப வருவேன்.

காதையும் அனுப்பினேன். ஜன்னல் சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு பறவை, தினமும் விடியும் முன்பே மூன்று முறை கூப்பிட்டு ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. அது என்ன பறவை என்று தெரியாது, பார்த்ததில்லை. நேற்று அது தாமதமாக வந்தது. வரும்வரை நான் காத்திருந்தேன். வலியைத் தவிர வேறொன்றுக்காகக் காத்திருந்து எத்தனை காலமானது!

இந்த இழையை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு மண் தொட்டி கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தில் வைத்தாள். செடி எதுவும் இல்லை, மண் மட்டும்தான். தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். ஒருக்களித்தபடியே கையை நீட்டி ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன். மேலே ஈரம், ஒரு விரற்கடை ஆழத்தில் கொஞ்சம் கதகதப்பு. ஏதோ வேரின் துண்டு ஒன்று விரலில் தட்டியது.

இரவு அவள் கை துடைத்துவிட ஈரத்துணியோடு வந்தாள். நகக்கண்ணில் இருக்கிற மண்ணை மட்டும் விட்டுவிடு என்றேன்.